ஏறிய பாலும் ஏறாத நெய்யும்

ஓய்வு பெற்று நசரத்பேட்டையில் சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் பெட்டிகள் என்னை விடவில்லை. எங்கள் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும், அவர்கள் பெட்டி முதல் நாள் சாயங்காலம் எங்கள் கூடத்துக்கு வந்துவிடும். விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிக்கும் பாதுகாப்புப் படையில் நான் இருந்தவள் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். அங்கே மாட்டிக்கொள்வதற்குப் பதில் இங்கேயே மாட்டிக்கொள்ளலாம் என்று வருகிறார்கள்.

போன வாரம் எதிர்வீட்டு வேணி வந்தாள். மகன் துபாயில் இருக்கிறான். முதல் முறையாக அவனைப் பார்க்கப் போகிறாள்.

"அக்கா, ஒரு தபா பாத்துடு. அங்க போயி எவனாவது கேட்டான்னா எனுக்கு பதில் சொல்ல வராது" என்று பெட்டியைப் படுக்கவைத்து ஜிப்பைத் திறந்தாள்.

மேலே புடவைகள். அதற்குக் கீழே ஒரு குடும்பம் ஒரு மாதம் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்குச் சாமான். துண்டில் சுற்றி அருவாமனை. ஒரு பை நிறையக் கொப்பரை. சாமி கும்பிடக் கற்பூரமும் தீப்பெட்டியும்.

"அருவாமனை எதுக்கு வேணி?"

"அவன் ஊட்ல கத்திதான் கீதாம். கத்தில கீரை அரிய எனுக்குக் கை வராது."

"சரி, அது பெரிய பெட்டியில போகட்டும், கைப்பையில வெச்சுடாத. கொப்பரை, கற்பூரம், தீப்பெட்டி மூணையும் எடுத்துடு."

"கொப்பரை இன்னா பண்ணும்? அது இன்னா குண்டா?"

"எண்ணெய்ச் சத்து. சூட்டுல பத்திக்கும்."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வைத்தாள். மசாலாப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தபோது ஒன்றில் கசகசா இருந்தது. அந்த ஊரில் அது போதைப்பொருள் கணக்கு, பிடித்தால் ஜெயில் என்றேன். வேணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கொழம்புல போடறதுக்கு ஜெயிலா" என்று கொஞ்ச நேரம் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு, என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் போன் செய்தாள். அவளுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. புது மாதிரி இயந்திரம் வருகிறதாம். பைக்குள் இருப்பதைத் திரையிலேயே எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம், லேப்டாப்பைக்கூட வெளியே எடுக்கச் சொல்ல வேண்டாம். "பையைப் பிரிக்கிற வேலையே கொறஞ்சிடும் போலக்கா. நீங்க பாத்ததையெல்லாம் எழுதி வைங்களேன்" என்றாள். பை பிரித்தே காலம் போனவள் நான். எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அப்பா ஆவடி தொழிற்சாலையில் பிட்டர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நான் வளர்ந்தது முழுக்க ஆவடி குவார்ட்டர்ஸில்தான். சுற்றிலும் யூனிபார்ம் போட்டவர்கள். அதனால் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் போய் வரிசையில் நின்றேன். பயிற்சியில் ஓடினோம், ஏறினோம், துப்பாக்கியைக் கழற்றி மாட்டினோம். பிறகு சில வருடங்கள் வடக்கே, சில வருடங்கள் துறைமுகத்தில். கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, அதன் பிறகுதான் மீனம்பாக்கம் வந்தேன்.

எக்ஸ்ரே இயந்திரத்தின் முன் உட்காரத் தனியாகப் பயிற்சி உண்டு, பரீட்சை உண்டு. திரையில் இரும்பு நீலமாகத் தெரியும். சாப்பாடு, துணி, காகிதம், மரம் எல்லாம் ஆரஞ்சு. இரண்டுக்கும் நடுவில் உள்ளது பச்சை. நிறம் மட்டும் போதாது, எவ்வளவு அடர்த்தி என்றும் பார்க்க வேண்டும். அடர்த்தியான ஆரஞ்சுக் கட்டி ஒன்று, பக்கத்திலேயே ஒயர் என்றால் உடனே பெல்ட்டை நிறுத்த வேண்டும்.

நான் அப்படி நிறுத்திய முதல் பையில் இருந்தது அல்வா. அதன்மேல் ஒருவர் போன் சார்ஜரைச் சுருட்டி வைத்திருந்தார். திருநெல்வேலிக்காரி, பிறந்ததிலிருந்து அல்வா பார்த்தவள், ஆனால் எக்ஸ்ரேயில் அல்வாவைப் பார்த்தது அன்றுதான். மணியை அழுத்தினேன்.

வந்து நின்றவர் ராவ் சார். எங்கள் ஷிப்டு இன்ஸ்பெக்டர். ஆந்திராக்காரர். சென்னையில் பல வருடம் இருந்து தமிழ் பேசக் கற்றவர். அவர் பேசினால் ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டு வந்தது போல இருக்கும்.

அவர் பை சோதிக்கிற விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மேசைக்கு ஒரு பக்கம் நாங்கள், மறு பக்கம் பயணி. ராவ் சார் மேசையைச் சுற்றிக்கொண்டு பயணியின் பக்கம் போய் நிற்பார். "ஐயா, உங்கள் பை. நீங்களே திறங்கள்" என்பார். அவர்கள் எடுத்து வைப்பதை இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இது யாருக்கு?"

ஒரு பொருளைப் பறிகொடுக்கப் போகிறவர்களுக்கு அது என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை. அது யாருக்கு என்று அவர்கள் சொல்லத் தவிப்பார்கள். மருமகளுக்கு, ஹாஸ்டலில் இருக்கும் பையனுக்கு, அண்ணனுக்கு. அதைச் சொல்லி முடித்ததும் பாதிக் கோபம் இறங்கிவிடும். அதன் பிறகு, "இதை விட முடியாதுங்க. வழியனுப்ப வந்தவர்கள் வெளியே இருந்தால் கொடுத்துவிட்டு வாருங்கள், நேரம் இருக்கிறது" என்பார். கடைசியில் துணிகளை இருந்தபடியே மடித்து உள்ளே வைக்கச் சொல்வார். நாங்கள் திணித்தால் பிடிக்காது. "அந்தப் பெட்டியை யாரோ ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அடுக்கியிருக்கிறார்கள் தனலட்சுமி" என்று மெதுவாகச் சொல்வார்.

அன்றைக்கு அல்வாவைப் பார்த்துவிட்டு என்னிடம், "நிறுத்தியது சரி. அல்வாவென்று தெரிந்திருந்தாலும் நிறுத்தத்தான் வேண்டும்" என்றார். பயணியிடம், "சார்ஜரை வேறு பையில் வையுங்கள், பெங்களூரில் விமானம் மாறும்போது இன்னொரு பெண் பயப்படப் போகிறாள்" என்றார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே எங்களுக்கு ஒரு துண்டு நீட்டினார். வாங்கக் கூடாது. எதையும் வாங்கக் கூடாது, எடுக்கக் கூடாது. பறிமுதல் செய்த ஊறுகாயெல்லாம் என் வீட்டுக்கு வருகிறது என்று என் நாத்தனார் கடைசிவரை நம்பினாள். "ஒரு பாட்டில்கூடவா கொண்டார மாட்டே?" என்று கேட்பாள்.

ராவ் சார் மென்மையானவர் என்பதால் விதியில் நெகிழ்வார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அவர் நெகிழ்ந்து நான் பார்க்கவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. எங்களைச் சோதிக்கவே ஆள் அனுப்புவார்கள். சாதாரணப் பயணி போல வருவார்கள், எதையாவது மறைத்துக் கொண்டு வருவார்கள். என்னோடு பயிற்சியில் இருந்த ஒருத்தி, வேறு ஊரில், வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி முடியவில்லை என்று சுவரில் சாய்ந்ததைப் பார்த்து, சரியாகத் தடவிப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். அவள் சோதனைக்கு அனுப்பப்பட்டவள். வயிற்றில் கட்டியிருந்தது துணி மூட்டை. என் தோழியை அந்த வேலையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். போனில் என்னிடம், "பாவம்னு நெனச்சேன்டி, அவ்ளோதான்" என்று அழுதாள். அன்றிலிருந்து யாராவது கண் கலங்கினால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். பிறகுதான் இரக்கம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த வேலை அப்படி.

இப்போது நித்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு காலை. சிங்கப்பூர் விமானத்துக்குக் கூட்டம் நெருக்கியது. நான் பெண்களைச் சோதிக்கும் திரை மறைவில் இருந்தேன். சுடிதார் போட்ட ஒரு பெண் உள்ளே வந்து கைகளை விரித்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது, பல நாள் தூங்காதவள் போல. மேலே கை வைத்ததும் துணி நனைந்திருப்பது தெரிந்தது. உள்ளே தடியாகத் துணி மடித்து வைத்திருந்தாள். அதுவும் தாண்டி ஈரம்.

"பால் மேடம்" என்றாள். "எடுத்து விட நேரமில்ல."

"குழந்தை எங்கே?"

"அங்க இருக்கு. சிங்கப்பூர்ல."

மேலே கேட்க நேரமில்லை. எல்லாம் சரிபார்த்து, நித்யா என்று பெயர் போட்டிருந்த போர்டிங் பாஸில் முத்திரை குத்தி அனுப்பினேன். அடுத்தவளைச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே குரல்கள் கேட்டன. எட்டிப் பார்த்தேன். மேசைமேல் ஒரு தெர்மாகோல் பெட்டி திறந்திருந்தது. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகள், இளமஞ்சளாக உறைந்த பால். அந்தப் பெண் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

மேசையில் இருந்த எங்கள் ஆள் விட முடியாது என்று சொன்னது விதிப்படி சரி. வெளிநாட்டு விமானத்தில் கையில் திரவம் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. குழந்தைக்கான பாலுக்கு விலக்கு உண்டு, ஆனால் குழந்தை கூட வர வேண்டும். குழந்தை இல்லாமல் ஒரு பெட்டிப் பால் என்றால் யாருக்கு?

"கவுண்டர்ல கேட்டேனே. கொழந்தப் பால்னா கையில எடுத்துனு போலாம்னாங்களே" என்றாள் அவள். பெரிய பெட்டி ஏற்கெனவே போய்விட்டது. கவுண்டரும் மூடும் நேரம்.

ராவ் சார் வந்தார். வழக்கம் போல மேசையைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் நின்றார். "சொல்லுங்கம்மா. இது யாருக்கு?"

அவள் சொன்னாள். அம்பத்தூர் பெண். கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்கிறாள். குழந்தை மாதம் நிறையாமல் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வேறு பால் கொடுத்தால் வயிறு ஏற்கவில்லை. இந்த நேரத்தில் அம்பத்தூரில் அவள் அம்மா இறந்துபோனார். ஒரே பெண். குழந்தையைக் கணவனிடமும் நர்சுகளிடமும் விட்டுவிட்டு, அங்கே எடுத்து வைத்திருந்த பால் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போட்டுக் கிளம்பி வந்திருக்கிறாள். இங்கே இருந்த நாளெல்லாம் எடுத்து எடுத்து உறைய வைத்திருக்கிறாள்.

"எழவு ஊட்டுல எங்க சார் வெக்கிறது? தெருமுனைக் கடையில ஐஸ்கிரீம் பொட்டி இருக்கு. அதுல ஒரு பக்கம் காலி பண்ணிக் குடுத்தாங்க. சிங்கப்பூர்ல வெச்ச பால் இன்னைக்குக் காலையோட தீந்துடும். இது போய்ச் சேரலன்னா..." பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பின்னால் வரிசை முணுமுணுத்தது. ராவ் சார் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் யோசித்திருப்பேன். இறந்த அம்மா, கண்ணாடிப் பெட்டியில் குழந்தை, நேரமில்லை. சோதனைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் கதை எழுதினால் இதைவிட நன்றாக எழுத மாட்டார்கள்.

நான் என் இடத்தைக் கூட வேலை பார்த்தவளிடம் ஒப்படைத்துவிட்டு அவர் அருகே போனேன். "சார், அந்தப் பொண்ணு சொல்றது நிஜம்."

"எப்படித் தெரியும்?"

"பால் சுரந்து துணியெல்லாம் நனைஞ்சிருக்கு சார். நான் தொட்டுப் பாத்தேன்."

என் சின்னவனை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய நாட்களில், காக்கிச் சட்டைக்குள் கைக்குட்டைகளைத் திணித்துக்கொண்டு நின்றவள் நான். அந்த ஈரத்தை யாரும் நடிக்க முடியாது.

ராவ் சார் குரலைத் தாழ்த்தினார். "அதை நான் அறிக்கையில் எழுத முடியாதம்மா."

"எழுத வேணாம் சார். உங்களுக்குத் தெரியணும்னுதான் சொன்னேன்."

அவர் ஓரமாகப் போய் மேலதிகாரிக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. "சரி சார். என் பொறுப்பு" என்று சொல்லி வைத்தார். திரும்பி வந்து அவளிடம், "ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஏதாவது போனில் இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. மருத்துவமனைத் தாளும், கண்ணாடிக்குள் ஒரு சின்ன உருவமும். அதன் கையைவிட அதில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி பெரிதாகத் தெரிந்தது.

"எல்லாப் பையையும் வெளியே எடுக்க வேண்டும்மா. நீங்களே எடுங்கள். நாங்கள் தொட மாட்டோம், துடைத்து மட்டும் பார்ப்போம்."

அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, நான் சோதனைத் துணிப்பட்டையால் ஒவ்வொரு பையின் மேலும் துடைத்து இயந்திரத்தில் வைத்தேன். வெடிமருந்தின் தூசு பட்டிருந்தால்கூட அது காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு முறையும் திரையில் பச்சை விழும்வரை அவள் மூச்சு விடவில்லை. எல்லாம் பச்சை.

ஒரு பை மட்டும் உருகியிருந்தது. உறைந்தது வேறு, திரவம் வேறு. திரவமென்றால் பயணியைக் குடித்துக் காட்டச் சொல்லலாம் என்று ஒரு நடைமுறை. ராவ் சார் அந்தப் பையை அவளிடம் நீட்டி, "இதை மட்டும்..." என்றார்.

அவள் தயங்கினாள். பக்கத்தில் நின்ற எங்கள் ஆள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். ஆனால் தயக்கம் வேறு காரணத்துக்கு. "பிரிச்சா அப்புறம் கொழந்தைக்குக் குடுக்க முடியாது சார்" என்றாள். பிறகு அதன் வாயைக் கிழித்து, எங்கள் எல்லோர் முன்னாலும் தன் பாலைத் தானே குடித்தாள். ராவ் சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவரை அழாதவள், காலியான அந்தப் பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

பெட்டியைச் சுற்றி வைத்திருந்த குளிரூட்டும் பைகளும் இளகிக் கூழாகியிருந்தன. அவற்றை விட முடியாது. அவையில்லாமல் பால் சிங்கப்பூர் வரை தாங்காது. ராவ் சார் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியிருக்கவில்லை. சோதனைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜூஸ் கடை உண்டு. ஓடினேன். கடைக்காரர் துருவிக் கேட்கவில்லை, விஷயத்தை ஒரு வரியில் சொன்னதும் இரண்டு பை நிறைய ஐஸ் அள்ளிக் கட்டிக் கொடுத்தார். பெட்டியை அடுக்கும் வேலையை அவளே செய்தாள். மூடியை டேப் போட்டு ஒட்டினோம். கடைசி அழைப்பு வந்துவிட்டது. நன்றி சொல்லக்கூட நிற்காமல் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். அவள் ஓடியதே எனக்குப் பிடித்திருந்தது.

அறிக்கையை ராவ் சார் தன் பெயரிலேயே எழுதினார். என் பெயரைச் சேர்க்கவில்லை. சில மாதம் கழித்து அவருக்கு விசாகப்பட்டினத்துக்கு மாறுதல் வந்தது. எங்கள் வேலையில் மாறுதல் வழக்கம்தான். போகும் நாளில், "அந்தப் பால் போய்ச் சேர்ந்திருக்குமா தனலட்சுமி?" என்று கேட்டார். "சேந்திருக்கும் சார்" என்றேன். எனக்குத் தெரியாது. எங்களைக் கடந்து போகிறவர்கள் யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை.

நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, ஒரு பகல் நேரம், அதே சிங்கப்பூர் வரிசையில் ஒரு பெரியவர் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. முதல் விமானப் பயணம் என்று பார்த்தாலே தெரிந்தது. கைப்பையில் ஒரு எவர்சில்வர் டப்பா. திறக்கச் சொன்னேன். விளிம்புவரை நெய்.

"ஐயா, இதைக் கையில கொண்டுபோகக் கூடாது. பெரிய பெட்டியில போட்டிருக்கணும்."

"பெரிய பொட்டில துணி கீது. கொட்டிக்கினா நாறிப்பூடும்னு கையில வெச்சிகினு வந்தேன்."

"இது தண்ணி மாதிரிப் பொருள்ங்க. விட முடியாது."

"தண்ணியா? கல்லு மாரி ஒறஞ்சி கீது, பாரு" என்று விரலால் தட்டிக் காட்டினார். நான் தலையாட்டவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. "இன்னாமா நீ. எம் பொண்ணு இதே ஏர்போட்ல பொட்டி நெறியா பாலு எடுத்துகினு போச்சு. எங்க ஊட்டுக்காரி செத்துப்பூட்ட சமயம். கொழந்தைக்கின்னு சொன்னதும் ஒரு ஆபீசரும் ஒரு மேடமும் உட்டாங்க. ஓடிப்போயி ஐஸெல்லாம் வாங்கியாந்து குடுத்தாங்களாம். ஒறஞ்ச பால உட்டாங்க, ஒறஞ்ச நெய்ய உடமாட்டியா?"

என் கை டப்பாவின் மூடிமேல் அப்படியே நின்றது.

"அந்தக் குழந்தை எப்படி இருக்குங்க?" என்றேன்.

"அதுக்கு இன்னா? ஊட்டையே ரெண்டு பண்ணுது. போன்ல என்னை வாடா போடான்றது" என்றார். கோபம் கொஞ்சம் விலகி, முகம் மலர்ந்துவிட்டது. "எங்க ஊட்டுக்காரி பேருதான் வெச்சிக்கிறாங்க. செல்வி. ஆனா ஒல்லியா கீது. அதுக்குத்தான் இந்த நெய்யி. நானே காச்சினேன்."

நெய்யை விதி அனுமதிக்காது. அதற்கு எந்த விலக்கும் கிடையாது. வழியனுப்ப யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டானாம். டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அங்கேயே நல்ல நெய் கிடைக்கும்யா. வாங்கி நீங்களே ஊட்டுங்க."

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "அந்த மேடம் இருந்தா உட்டிருக்கும்" என்றார். "அது நல்ல மனசு. நீ வெறும் ரூல்ஸ் பேசுற."

"ஆமாங்கய்யா" என்றேன். "அவங்க இருந்திருந்தா விட்டிருப்பாங்க."

புதுச் செருப்பு சத்தமிட அவர் நடந்து போனார். இரண்டு முறை திரும்பி என்னை முறைத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அன்றைக்குப் போல நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது கிடையாது.